அங்காராவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

காலை ஏழு மணி இன்னும் ஆகவில்லை. துருக்கி நாட்டின் தலைநகராகிய அங்காராவில், அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் நான்காம் மாடியில், நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் தன் தந்தையின் மூடிய இமையை விரலால் விலக்கி, உள்ளே ஆள் இருக்கிறாரா என்று பார்க்கிறான். வாரநாள்களில் அவனை எழுப்பிக் காலுறை மாட்டுவதற்குள் பெற்றோர்க்குப் போதும் போதும் என்றாகிவிடும். ஓய்வுநாளில் மட்டும் அவனுக்குச் சேவலுக்கு முன்னரே விழிப்பு வந்துவிடுகிறது. எந்த நாட்டுக் குழந்தைகளுக்கும் இது பொது இயல்பு போலும்!

அங்காரா என்னும் பெயர் நம் வாசகர்களுக்குத் தொலைவானதாகத் தோன்றலாம். அந்நிலமோ நமக்குப் புதியதன்று. உரோமையர் காலத்தில் கலாத்திய மாநிலத்தின் தலைநகராய் விளங்கிய அன்சீராவே இன்றைய அங்காரா. புனித பவுலடியாரின் திருமுகங்களுள் ஒன்று கலாத்தியருக்கு எழுதப்பட்டதன்றோ? 1923-ஆம் ஆண்டு அக்டோபர் 13-ஆம் நாள் இந்நகர் துருக்கியின் தலைநகராக்கப்பட்டது. அன்று சிற்றூர் போலிருந்த இடத்தில் இன்று ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்கின்றனர். மிகப் பெரும்பாலோர் இசுலாமியர். அரசு அலுவலகங்களில் பணிபுரிவோர் மிகுதி.

நாம் காணப் புகும் குடும்பம் குறிப்பிட்ட ஒரு வீட்டாரின் நிழற்படமன்று. அந்நகரின் பல வீடுகளில் நடப்பவற்றை ஒரு கூரையின்கீழ்த் தொகுத்துப் பார்க்கிறோம். தந்தை அரசு அலுவலர். தாய் மருத்துவமனைச் செவிலி. மூத்தவள் மூன்றாம் வகுப்பு படிக்கும் எட்டு வயதுச் சிறுமி. இளையவன் மேலே கண்ட இமை திறப்பான். தாயின் தாயார் அடுத்த தெருவில் வாழ்கிறார். செவிலிப் பணியில் முறை மாறி மாறி வருவதால், தாய்க்கு எல்லா ஞாயிறும் ஓய்வில்லை. நால்வரும் ஒன்றாய் அமர்ந்து காலையுணவு கொள்ளும் நாள் மாதத்தில் இரண்டு வாய்த்தால் மிகுதி. இன்று அவற்றுள் ஒன்று.

ஞாயிறு அந்நாட்டில் ஓய்வுநாளான கதையும் சுவையானது. 1924-ஆம் ஆண்டுச் சட்டம் வெள்ளிக்கிழமையையே வார ஓய்வுநாளாக வகுத்திருந்தது. ஐரோப்பிய நாடுகளோடு வணிகம் செய்வோர்க்கு இது பெருந்தடையாயிற்று. இவர்கள் கடை திறக்கும் நாளில் அவர்கள் மூடியிருப்பர். ஆகவே 1935-இல் ஓய்வு ஞாயிற்றுக்கு மாற்றப்பட்டது. துருக்கியில் ஞாயிற்றுக்குப் பெயரே ‘பஸார்’ என்பதுதான். சந்தை என்பது பொருள். நாம் வழங்கும் ‘பசார்’ என்னும் சொல்லும் அதே பாரசீக வேரிலிருந்து வந்ததே. திங்கட்கிழமைக்குத் தனிப்பெயர் வைக்கும் சிரமத்தைக்கூட அவர்கள் மேற்கொள்ளவில்லை. ‘பஸாருக்கு மறுநாள்’ என்று முடித்துவிட்டனர். கூட்டுத் தொழுகைக்குரிய நாளாக வெள்ளியே இன்றும் நிலைத்திருப்பதால், ஞாயிற்றுக்கென்று தனியே வழிபாட்டுக் கடமை எதுவுமில்லை. நாள் முழுதும் குடும்பத்துக்கே. விடியற்காலைத் திருப்பலிக்குப் பிள்ளைகளைக் குளிப்பாட்டித் தலைவாரிக் கிளப்பும் நம் தாய்மார் இதைக் கேட்டுப் பெருமூச்சு விடக்கூடும். அவசரம் வேண்டா, அங்குள்ள தாய்க்கு அந்நாள் எப்படிக் கழிகிறது என்பதைப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விடலாம்.

எழுந்ததும் முதல் வேலை தேநீர்ப் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றுவதுதான். அது ஒன்றன்மேல் ஒன்றாய் அமர்ந்த இரட்டைப் பாத்திரம். கீழ்ப்பாத்திரத்தில் நீர் கொதிக்க, மேற்பாத்திரத்தில் தேயிலை ஆவியில் சூடேறிக் காத்திருக்கும். நீர் கொதித்தபின் சிறிது மேலே ஊற்றி, கால் மணி நேரம் ஊற விடுவர். பிறகு மெல்லிடை கொண்ட சிறு கண்ணாடிக் குவளையில் கெட்டிச் சாற்றைக் கொஞ்சம் வார்த்து, கொதிநீர் கலந்து, முயலின் குருதி நிறத்துக்குக் கொண்டுவருவர். அப்படித்தான் அவர்கள் உவமை சொல்கின்றனர்! பால் சேர்ப்பதில்லை. குழந்தைகளுக்குத் தண்ணீர் மிகுதியாய் விளாவி ஆற்றிக் கொடுக்கும் வெளிறிய தேநீருக்குப் ‘பாஷா தேநீர்’ என்று பெயர். பெரிய பிரபுக்களின் பட்டப்பெயரைச் சூட்டிவிட்டால், பிள்ளைகள் தங்களுக்கு நீர்த்துப்போனதைக் கொடுத்துவிட்டார்களே என்று சிணுங்கமாட்டார்கள். யாரோ ஒரு பாட்டியின் அறிவுநுட்பமாகத்தான் இருக்கவேண்டும். குவளை காலியானால் கேளாமலே நிரப்பப்படும். போதும் என்பவர் வாய் திறக்க வேண்டுவதில்லை. சிறு கரண்டியைக் குவளையின் வாய்மீது குறுக்கே வைத்துவிட்டால் போதும்.

துருக்கியர் காப்பிக்குப் பேர்போனவர் என்று நாம் பள்ளிக்காலத்திலேயே கேள்விப்பட்டிருக்கிறோம். உண்மையில் அவர்கள் மிகுதியாய்ப் பருகுவது தேநீரே. ஏமன் நாட்டின்மீதிருந்த ஆட்சி முதல் உலகப்போருக்குப் பின் கைநழுவிப் போகவே, காப்பி விலை உயர்ந்த அயற்சரக்காயிற்று. கருங்கடற்கரையிலுள்ள ரிசே மலைச்சரிவுகளில் அரசு தேயிலை பயிரிட ஊக்கமளித்தது. 1947-இல் அங்கே முதல் தேயிலைத் தொழிற்சாலை திறக்கப்பட்டது. இன்று தேயிலை நுகர்வில் அந்நாடு உலகில் முன்வரிசையில் நிற்கிறது. ஆண்டுக்கு ஆளுக்கு மூன்று கிலோவுக்கு மேல். இத்தனை தேயிலை விளைவிக்கும் நம் பாரதத்தில் அது ஒரு கிலோவைக்கூட எட்டவில்லை.

காலையுணவுக்கு அவர்கள் வைத்த பெயர் ‘கஹ்வால்தி’. ‘காப்பிக்கு முன்னர் உண்பது’ என்பது அதன் பொருள். காப்பி அகன்று தேநீர் வந்தபின்னும் பெயர் மாறவில்லை. வாரநாள்களில் ஒரு துண்டு ரொட்டியும் ஒரு வாய்த் தேநீருமாய் ஓடுகிறவர்கள் ஞாயிறன்று அதற்கெல்லாம் ஈடு செய்துவிடுவர். வெண்பாலாடைக்கட்டி, ஒலிவக்காய் இரு வகை, தக்காளி, வெள்ளரி, வெண்ணெய், தேன், எருமைப்பாலின் திரண்ட ஏடு, ரோசா இதழிலும் புளிச்சேரிப் பழத்திலும் காய்ச்சிய பாகு என்று மேசையில் கை வைக்க இடமிராது. நடுவில், தக்காளியும் பச்சை மிளகாயும் வதக்கி முட்டை உடைத்துக் கிளறிய ‘மெனெமென்’ வாணலியோடு வந்து அமரும். வெங்காயம் சேர்க்கலாமா கூடாதா என்பதில் துருக்கியர் இரு கட்சி. நம்மவர் சாம்பாரில் வெல்லம் சேர்ப்பது பற்றி வாதிடுவது போன்ற வழக்கு அது, தீர்ப்பு வரப்போவதில்லை.

தந்தை கீழே இறங்கிச் சென்று சூடான ரொட்டியும், எள் ஒட்டிய வளைய வடிவச் ‘சிமித்’தும் வாங்கி வருகிறார். அங்காராவின் சிமித் இசுதான்புல்லினதைவிட மெலிந்தது, கறுத்தது, மொறுமொறுப்பானது. படியேறும்போதே சிறுவன் ரொட்டியின் முனையைக் கிள்ளித் தின்றுவிடுகிறான். ஒரு துண்டு கீழே விழுகிறது. அக்காள் விரைந்து அதை எடுத்து, முத்தமிட்டு, நெற்றியில் ஒற்றி, யார் காலும் படாத சுவர்விளிம்பில் வைக்கிறாள். அவளுக்கு அதைக் கற்பித்தவர் பாட்டி. தரையில் ரொட்டி கிடக்கக் கண்டால் மிதித்துச் செல்லாமல் இவ்வாறு எடுத்து வைப்பது அந்நாட்டில் இன்றும் அழியாத வழக்கம். அப்பத்தின் அருமையறிந்த நமக்கு இதற்கு விளக்கம் வேண்டியதில்லை.

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, வீட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு பாட்டியும் வந்து சேர்கிறார். பிள்ளைகள் அவர் கையை முத்தமிட்டுத் தம் நெற்றியில் வைத்துக்கொள்கின்றனர். உடனே அவருடைய கண்காணிப்பும் தொடங்கிவிடுகிறது. வெறுங்காலோடு குளிர்ந்த தரையில் நடக்கக்கூடாது. ஈரத்தலையோடு சன்னலருகே நிற்கக்கூடாது. எதிரெதிரே இரு சன்னலைத் திறந்து குறுக்குக் காற்று வாங்கவே கூடாது. மருத்துவமனையில் பணிபுரியும் மகள் சிரித்துக்கொண்டே சன்னலைச் சாத்துகிறார். செவிலிப் படிப்பு ஒரு பக்கம், அன்னையின் சொல் ஒரு பக்கம்!

உறவுச்சொற்களில் துருக்கியர் நம்மைப் போன்றவர்கள். ஆங்கிலத்தில் எல்லாரையும் ‘அங்கிள்’, ‘ஆன்ட்டி’ என்ற இரண்டு சொற்களில் அடைத்துவிடுவர். துருக்கியிலோ தந்தையின் உடன்பிறந்தார் ‘அம்ஜா’, தாயின் உடன்பிறந்தார் ‘தாயி’. தந்தையின் சகோதரி ‘ஹாலா’, தாயின் சகோதரி ‘தெய்ஸே’. மூத்த சகோதரி ‘அப்லா’. அவளைப் பெயர் சொல்லித் தம்பி அழைத்தால் பாட்டியின் புருவம் உயரும். தாய் ‘அன்னே’. நம் ‘அன்னை’யோடு இது ஒலிப்பது தற்செயலே என்றாலும் செவிக்கு இனிக்கிறது. தாயைப் பெற்ற பாட்டி ‘அன்னேஅன்னே’.

இந்த அன்னேஅன்னே இல்லாவிட்டால் வாரநாள்களில் அவ்வீடு நடவாது. பெற்றோர் இருவரும் பணிக்குச் சென்றபின் சிறுவனைக் காப்பதும், பள்ளியிலிருந்து வரும் பேத்திக்குச் சோறிடுவதும் அவரே. எண்ணற்ற வீடுகளில் இதுதான் நிலை. 2017-ஆம் ஆண்டில் அரசே இதை ஒப்புக்கொள்வது போல, பேரக்குழந்தைகளைக் கவனிக்கும் பாட்டிமார்க்கு மாதம் 425 லீரா அளிக்கும் சோதனைத் திட்டம் ஒன்றைப் பத்து மாநிலங்களில் நடத்திப் பார்த்தது. பாட்டியின் முழங்கால் இப்போது முன்போல் இல்லை. படியேறி வந்ததும் சிறிது நேரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். மகள் அதைப் பார்க்கிறார், பார்த்ததைக் காட்டிக்கொள்ளவில்லை.

உணவு முடிய மணி பதினொன்று. பிற்பகல் உணவுக்காகப் பாட்டி ‘மந்தி’ செய்யத் தொடங்குகிறார். நம் மொழியில் அப்பெயர் குரங்குக்குரியது. அங்கே அது உணவு. மாவை மெல்லியதாய்த் தேய்த்துச் சிறு சிறு சதுரங்களாய் நறுக்கி, ஒவ்வொன்றிலும் கடலையளவு கொத்திறைச்சி வைத்து, நான்கு மூலைகளையும் கிள்ளி மூடவேண்டும். கைசேரி நகரத்துப் பெண்கள் ஒரு கரண்டிக்கு நாற்பது கொள்ளுமாறு சிறிதாய்ச் செய்வர் என்பது அவர்தம் பெருமை. வேகவைத்தபின் பூண்டு சேர்த்த தயிரை மேலே ஊற்றி, மிளகாய்ப்பொடியிட்டு உருக்கிய வெண்ணெயை அதன்மேல் தெளிப்பர். இது ஒருவர் வேலையன்று. சிறுமி மூலைகளைக் கிள்ளுகிறாள். அவள் கிள்ளியவை கரண்டிக்கு மூன்று கொள்ளும். சிறுவன் மாவில் ஆகாய விமானம் செய்கிறான். மாவு தலையிலும் தரைவிரிப்பிலும் பரவுகிறது. இதற்கிடையே துணி துவைக்கும் எந்திரம் இரண்டாம் முறை ஓடுகிறது, குளியலறை கழுவப்படுகிறது, மகளின் கணக்குப் பாடம் மேசையின் ஓரத்தில் பாதியில் கிடக்கிறது.

இங்கே ஒரு கணக்கை வாசகர்முன் வைக்க விரும்புகிறேன். துருக்கியின் அரசுப் புள்ளியியல் துறை 2014-15-இல், மக்கள் நாளின் இருபத்துநான்கு மணி நேரத்தை எவ்வாறு செலவிடுகின்றனர் என்று ஆராய்ந்தது. வீட்டு வேலைக்கும் குடும்பப் பராமரிப்புக்கும் பெண்கள் நாளொன்றுக்கு 4 மணி 35 நிமிடம் செலவிட்டனர். ஆண்கள் 53 நிமிடம். வெளிவேலைக்குச் செல்லும் பெண்களை மட்டும் பிரித்துப் பார்த்தாலும் அது 3 மணி 31 நிமிடம். வேலைக்குச் செல்லும் ஆண்களுக்கு 46 நிமிடம். எந்த நாட்டையும் குறைகூற இதை எழுதவில்லை. நம் வீடுகளில் யாரேனும் கடிகாரத்தோடு வந்து அமர்ந்தால் நமக்கு என்ன மதிப்பெண் கிடைக்கும் என்பதை ஆண்மக்கள் தாமே அறிவர்.

அதே துறையின் இன்னொரு கணக்கும் உண்டு. 2001-இல் ஒரு பெண்ணுக்குச் சராசரி 2.38 குழந்தைகள் என்றிருந்தது, 2024-இல் 1.48 ஆகக் குறைந்துவிட்டது. அரசு கவலைகொண்டு 2025-ஐக் குடும்ப ஆண்டாக அறிவித்தது. காரணங்கள் பல, வீட்டு வாடகையும் விலைவாசியும் அவற்றுள் முதன்மையானவை. 2022 அக்டோபரில் ஆண்டுப் பணவீக்கம் 85 விழுக்காட்டைத் தாண்டியது. முன்பெல்லாம் உணவகத்துக்குச் சென்று காலையுணவு கொண்ட குடும்பங்கள் பல இப்போது வீட்டிலேயே மேசை விரிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் இன்னொரு குழந்தை வேண்டுமா என்று அத்தாயைக் கேட்டால், அவர் விலைவாசியைப் பற்றிப் பேசுவாரோ, தம் ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிப் பேசுவாரோ, யார் சொல்லக்கூடும்?

பிற்பகல் மூன்று மணிக்குப் பூங்காவுக்குச் செல்வது என்பது காலையிலேயே சிறுவனுக்குக் கொடுத்த வாக்கு. நகர நடுவில், சதுப்பு நிலமாய்க் கிடந்த இடத்தைத் திருத்தி 1943 மே 19 அன்று திறந்துவைத்த இளைஞர் பூங்கா இருக்கிறது. பெரிய தடாகமும், இராட்டினம் சுழலும் கேளிக்கைத் திடலும் உண்டு. தாய் கூடத்தில் நின்று சுற்றுமுற்றும் பார்க்கிறார். காயவேண்டிய துணி, கழுவவேண்டிய பாத்திரம், தேய்க்கவேண்டிய சீருடை. ‘நீங்கள் போய் வாருங்கள், நான் இருக்கிறேன்’ என்கிறார். கணவருக்கு அது பிடிக்கவில்லை. மாதத்தில் இரண்டு ஞாயிறு; அதிலும் ஒன்றை இப்படிக் கழிப்பதா என்பது அவர் கட்சி. ‘அப்படியானால் இவற்றை யார் செய்வது?’ என்று அவர் கேட்கவில்லை. கையிலுள்ள கூடையை மட்டும் கணவரிடம் காட்டுகிறார். இருவர் சொல்வதும் உண்மை. சிறுமி இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கிறாள்.

பாட்டிதான் முடிவு சொல்கிறார். மருமகனும் பிள்ளைகளும் தம்மோடு வரவேண்டும்; மகள் வீட்டில் படுத்து ஒரு மணி நேரம் உறங்கவேண்டும்; கூடை இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். முழங்கால் வலியோடு பூங்காவுக்கா என்று மகள் தயங்க, அங்கே இருக்கைகள் உண்டு என்கிறார் அவர்.

பூங்காவில் நடந்தவற்றை விரித்துரைக்க வேண்டியதில்லை. பந்து இருமுறை தடாகத்தில் விழுந்தது. சிறுவன் ஒருமுறை விழுந்தான். முன்பின் அறியாத மூதாட்டி ஒருவர் அவன் கன்னத்தைத் தட்டி, ‘மாஷா அல்லா’ என்று வாழ்த்தி, பையிலிருந்து மிட்டாய் எடுத்துக் கொடுத்தார். அந்நாட்டில் பிறர் குழந்தையைக் கொஞ்சுவதற்கு யாரும் அனுமதி கேட்பதில்லை. பாட்டியும் அந்த மூதாட்டியும் சூரியகாந்தி விதையைப் பல்லால் உடைத்துக்கொண்டே முழங்கால் பற்றிப் பேசினர்.

அவர்கள் திரும்பியபோது தாய் உறங்கவில்லை. பாத்திரங்கள் கழுவப்பட்டிருந்தன, சீருடை தேய்த்து நாற்காலியின் முதுகில் தொங்கியது. திங்கட்கிழமை காலை வகுப்பு தொடங்குமுன் எல்லாப் பள்ளிகளிலும் கொடியின்முன் அணிவகுத்து நாட்டுப்பண் பாடவேண்டும். கசங்கிய உடையோடு செல்லலாகாது. கணவர் சீருடையைப் பார்த்து, ‘எல்லெரினே சாலிக்’ என்றார். ‘உன் கைகளுக்கு நலம் உண்டாகுக’ என்பது பொருள். சமைத்தவர்க்கும் கைவேலை செய்தவர்க்கும் துருக்கியர் தவறாமல் கூறும் வாழ்த்து இது. ஒரு மொழி உழைத்த கைகளுக்கென்றே தனியாய் ஒரு வாழ்த்து வைத்திருப்பது போற்றத்தக்கதே. ஆயினும் வாழ்த்து சட்டையைத் தேய்ப்பதில்லை. அவருக்கும் அது அப்போது தோன்றியிருக்கவேண்டும். மகனைத் தூக்கிக்கொண்டு நேரே குளியலறைக்குச் சென்றார்.

ஞாயிறு மாலைக் குளியல் துருக்கியப் பிள்ளைகளின் தலைமுறை தலைமுறையான நினைவு. வீட்டில் விறகடுப்பில் நீர் காய்ச்சிய காலத்தில் வாரத்தில் அந்த ஒரு நாள்தான் தலைமுழுக்கு. இன்று எரிவாயு வெந்நீர் குழாயில் வந்தாலும் நாள் மாறவில்லை. வெந்நீர், பிழிந்த துண்டு, பாதியில் விட்ட வீட்டுப்பாடம், மறுநாள் பள்ளி என்னும் வயிற்றுக் கலக்கம் எல்லாம் சேர்ந்ததே அவர்களின் ஞாயிறு மாலை. குளிர்காலத்தில் அக்கலக்கம் இன்னும் மிகும். 2016 முதல் அந்நாட்டில் கடிகாரத்தைக் குளிர்காலத்துக்கென்று பின்னுக்குத் தள்ளுவதில்லை. அதனால் திசம்பர் மாதத்தில் பிள்ளைகள் இருட்டிலேயே பள்ளிக்குப் புறப்படுகின்றனர்.

சிறுமி கணக்கை முடிக்கிறாள், ஒன்று தவறு. தாய் அருகே அமர்ந்து, விடையைச் சொல்லாமல், மந்தியை எண்ணுவது போல் எண்ணச் செய்கிறார். கூடத்தின் மறுபுறம் பாட்டி பேரனுக்குக் கதை சொல்கிறார். நாம் ‘ஒரே ஒரு ஊரிலே’ என்று தொடங்குவது போல, ‘ஒருவன் இருந்தானாம், ஒருவன் இல்லையாம்’ என்று அங்கே தொடங்குவர். கதையின் நாயகர் நமக்கும் அறிமுகமானவரே: நாம் முல்லா நசுருதீன் என்று அழைப்பவரை அவர்கள் நசுருதீன் ஹோஜா என்கின்றனர்; அவருடைய கல்லறை அக்செஹிர் என்னும் ஊரில் உள்ளது. அண்டை வீட்டில் இரவல் வாங்கிய அண்டாவைக் குட்டியோடு திருப்பிக் கொடுத்தவர், அடுத்த முறை அண்டா செத்துவிட்டது என்று சொன்ன கதை. குட்டி போட்டதை நம்பினாய், செத்ததை நம்பமாட்டாயா என்று ஹோஜா கேட்கும் இடத்துக்கு வருமுன்னரே சிறுவன் உறங்கிவிட்டான். பாட்டி கதையை முடிக்கிறார், பேத்தி கேட்டுக்கொண்டிருக்கிறாளே.

மருமகன் பாட்டியை வீடுவரை கொண்டுபோய் விட்டு வருகிறார். திரும்பி வந்ததும் அவரே தேநீர் ஏற்றுகிறார். அடுத்த ஞாயிறு மனைவிக்கு இரவுப்பணி. அதற்கடுத்ததில் பூங்காவுக்கு ஐவரும் போவது என்றும், சட்டை தேய்ப்பதைச் சனியன்று மாலையே தாம் முடித்துவிடுவது என்றும் சொல்கிறார். மனைவி நம்பினாரா இல்லையா என்பது முகத்தில் தெரியவில்லை. இரண்டாம் குவளை முடிந்ததும் கரண்டியை எடுத்து வாய்மீது குறுக்கே வைக்கிறார். கணவர் இரு குவளைகளையும் எடுத்துக்கொண்டு போய்க் கழுவுகிறார். குழாயை மெல்லவே திறக்கிறார், பிள்ளைகள் உறங்குகின்றனர்.